ஆலங்காயத்துக்கு உப்பு கொண்டுபோன பயணம்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் ஆலங்காயம் வழியைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அந்த வழி எனக்கு அறிமுகமானது 1978 ஆவணியில். இரத்தசோகையைக் குறைக்க, இரும்புச்சத்து கலந்த உப்பைச் சில கிராமங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். நானும் அந்த வேலையில் இருந்தேன். ஒரு ஊரில் மட்டும் ஜனங்கள் உப்பைக் குப்பையில் கொட்டிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. ஏன் என்று கேட்டு வரக் கிளம்பினேன். அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.

வேலூரில் காலை ஆறு மணி பஸ். ஆம்பூரை நெருங்கும்போது தோல் தொழிற்சாலைகளின் வாடை உள்ளே வந்தது, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். வாணியம்பாடிக்கு எழுபது கிலோமீட்டருக்குள்தான். இரண்டு மணி நேரம் பிடித்தது. அங்கே வேறு பஸ் பிடித்து ஆலங்காயம். டிக்கெட் எவ்வளவு என்பது மறந்துவிட்டது. பிறகு அந்த ஊருக்கு மாட்டு வண்டி, காலடியில் உப்பு மூட்டை.

வண்டிக்காரர் கோவிந்தன் மூட்டையைப் பார்த்ததும் தயங்கினார். "இத்த அங்க எடுத்துனு போவாதீங்கம்மா. குடும்பக் கட்டுப்பாடு மருந்து கலந்துக்கீதுன்னு ஊரே பேசிக்குது."

எனக்கு விஷயம் புரிந்தது. அவசரநிலை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. கட்டாயக் கருத்தடை ஆபரேஷன் முகாம் பயம் யாருக்கும் போயிருக்கவில்லை.

ஊரில் முனியம்மா என்பவர் வீட்டில்தான் முதலில் பேசினேன். அவர் மருமகள் செல்வி தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், வாசலுக்குள் நுழையும் முன்பே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

"இவளுக்குக் கல்யாணம் ஆயி வருசம் ஒண்ணாவுது, இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கல. இந்த உப்பயும் போட்டா இன்னா ஆவறது?" என்றார் முனியம்மா. "கொழம்பு வேற கறுத்துப் போவுது."

நான் தந்த விளக்கம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில், "இதையே போட்டுச் சமைங்கம்மா, நான் சாப்பிடறேன்" என்றேன். அவர் பார்வை என் வயிற்றில் நின்றது.

களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் வந்தன. அதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். உப்பில் கெடுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். அத்தனை கண்கள் பார்க்க, முதல் உருண்டையைக் குழம்பில் தோய்த்து எடுத்தேன். விழுங்கினேன். நல்ல பசி, தட்டைக் காலி செய்தேன்.

"புள்ளத்தாச்சிய இவ்ளோ தூரம் எவன் அனுப்பிச்சான்?" என்று திட்டிக்கொண்டே இன்னொரு களி உருண்டை வைத்தார் முனியம்மா. பிறகு மருமகளைப் பார்த்து, "நீயும் உக்காந்து துன்னுடி" என்றார். வாசலில் நின்றவர்கள் உப்புக்குப் பாத்திரம் எடுத்து வரப் போனார்கள்.

அடுத்த சித்திரையில் கைக்குழந்தையோடு மறுபடி போனேன். செல்வி ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். தலைச்சுற்றல் கம்மியாகிவிட்டதாம், அவளுக்கு மூன்றாம் மாதம். திரும்பும்போது அவள் கேட்டாள்: "நீங்க வர்றது நின்னுட்டா நாங்க இன்னாக்கா பண்றது? இது கடையில கெடைக்கணும்ல?" அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இப்போது போகிறவர்களுக்கு: வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயத்துக்குப் பஸ் உண்டு, காலையிலேயே கிளம்புங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து உப்பு இன்று பாக்கெட்டில் வருகிறது. உங்கள் தெருக் கடையில் இல்லையென்றால் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் வாங்கி வைப்பார்.