அண்ணி வேண்டாமென்ற பிறப்பு

அண்ணியின் வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எப்போதும் சாம்பல் பூத்திருக்கும். பாவு பிணைக்கிறவர்கள் கை அப்படித்தான். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால் அதை அடியோடு அறுக்கமாட்டோம். நுனியைக் கொஞ்சம் விட்டுவைப்போம். புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் அந்தப் பழைய நுனியோடு சேர்த்து, சாம்பலைத் தொட்டு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. எல்லாம் தலைமுடியைவிட மெலிசு. ஒன்று தப்பினாலும் புடவையில் கோடு விழும். சேவூரில் எங்கள் தெருவிலும் முள்ளிப்பட்டிலும் அண்ணியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போவார். காய்ச்சல் என்றாலும் போவார். காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் இருக்கும்வரை எழுந்திருக்கமாட்டார்.

என் அண்ணன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. போகச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. நானும் என் வீட்டுக்காரியும் தறியே கதி என்று இருந்தோம். எங்கள் பெண்ணை வளர்த்தது அண்ணிதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர் கை. பெண் 'அம்மா' என்றதைவிடப் 'பெரியம்மா' என்றதே அதிகம்.

மார்கழியில் கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு நடக்கும். காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் வந்து பேசுவார். உயிருக்கு அழிவில்லை, செய்த வினையைச் சுமந்துகொண்டு அது உடம்பு மாறி மாறி வரும், ஆசை அற்றால் வினை அறும், வினை அற்றால் பிறப்பு அறும், அதுதான் முக்தி என்பார். எனக்குப் பாதி புரியும். மீதி நேரம் தூங்கிவிடுவேன். அண்ணி கண்கொட்டாமல் கேட்பார். ஒரு நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது பேச்செடுத்தார்.

"அவரு சுத்தி சுத்தி சொல்றாரு தம்பி. விஷயம் ஒண்ணுதான். பழைய பாவுல நுனி இருந்தாத்தான் புதுசு வந்து ஒட்டும். ஆசைன்னு ஒரு நுனிய உட்டுட்டு செத்தா, அடுத்த பொறப்பு வந்து முறுக்கிக்கும். அடியோட அறுத்துடணும்."

"அறுத்துட்டா தறி சும்மா நிக்குமே அண்ணி."

"நிக்கட்டுமே. எத்தினி காலத்துக்கு ஓடறது? எனுக்கு சொர்க்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம். மறுபடி வந்து பொறக்காம இருந்தா போதும். ஒடம்பு அசந்தா படுத்தா சரியாப் போவும். உள்ள இருக்கறது அசந்துபோச்சு தம்பி."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்த அசதி உண்டு. ஆனால் எனக்கு அதற்குப் பெயர் தெரியாது. அவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணி ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார். வெற்றிலையை விட்டார். டீயை விட்டார். நல்ல புடவைகளை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தார். தெருவில் கேலி பேசினார்கள். எதிர்வீட்டம்மா சும்மா இருக்கமாட்டார். "இன்னா சாமியாரம்மா, ஜல்தி ஜல்தியா எல்லாத்தியும் உட்டுகினு வர்ற? அந்த மிக்ஸிய உடறப்ப எனுக்குச் சொல்லு" என்பார்.

"மிக்ஸி மேல ஆசையோட செத்தா மிக்ஸியாத்தான் பொறப்ப. தெனம் சட்னி அரைக்கணும், பாத்துக்கோ" என்பார் அண்ணி. தெருவே சிரிக்கும்.

எல்லாவற்றையும் விட்டவரால் எங்கள் பெண்ணை விட முடியவில்லை. முயற்சி செய்தார். பள்ளி விட்டு வந்து மடியில் தலைவைத்தால், "எழுந்து போடி, வேல கீது" என்பார். பெண் முகம் சுருங்கிப் போகும். அவள் போன பிறகு அண்ணி இழையைத் தேடித் தேடித் தடவுவார். கண்ணீர் மறைத்திருக்கும். நான் எதிரே தறியில் இருப்பேன். பார்த்தும் பாராததுபோல் நெய்வேன். பெண்ணை வெம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். அவளை பஸ் ஏற்றிவிட அண்ணி வரவில்லை. நான் திரும்பி வந்தபோது, அவள் விட்டுப்போன பழைய ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தியும் அறுத்துட்டேன் தம்பி. இந்த ஒரு இழை மட்டும் அறுபட மாட்டேங்குது" என்றார்.

அந்த வருடமே படுத்துவிட்டார். ஈரல் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூடத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்தோம். பேச்சு நின்றது. கண் மட்டும் திறந்திருந்தது. உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தது. மண்ணாசை இருக்கும் என்று வீட்டு மண்ணைக் கரைத்து வாயில் விட்டார்கள். பொன்னாசை இருக்கும் என்று என் வீட்டுக்காரியின் தாலியை உரசி அந்தத் தண்ணீரை விட்டார்கள். உள்ளே இறங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்த இரண்டும் அவரிடம் எப்போது இருந்தது? ஆனால் சாவு காத்திருக்கும் வீட்டில் யாரிடம் கோபப்படுவது.

வெம்பாக்கத்திலிருந்து பெண் ஓடிவந்தாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டம்மா அவளைத் தூக்கி நிறுத்தினார். கெட்ட மனசு இல்லை அவருக்கு. அண்ணி பக்கத்தில் குனிந்து சத்தமாகச் சொன்னார்.

"ஏம்மா, பொண்ணப் பாத்துட்டல்ல? நிம்மதியாப் போ. போயிட்டு இவ வயித்துலயே வந்து பொறந்துடு. இவ உன்ன வளப்பா."

எல்லாரும், "ஆமாம்மா, வந்துடு" என்றார்கள். பெண்ணும், "வந்துடு பெரியம்மா" என்றாள்.

அண்ணியின் கண் கூட்டத்தை விட்டு என்னைத் தேடியது. நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவ்வளவு வருடத்தில் அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அன்று கண்ணால் கேட்டார். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். காதருகில் உட்கார்ந்தேன். முக்தி உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. படித்தவனில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"வர வேணாம் அண்ணி. யாரும் கூப்பிட மாட்டோம். பொண்ண நாங்க பாத்துக்கறோம்."

கண் மூடவில்லை. ஆனால் பார்வை என்னை விட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு நின்றது.

அடுத்த வருடம் பெண் தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. இடது காதுக்குக் கீழே மச்சம். அண்ணிக்கும் அதே இடத்தில் உண்டு. தெருவே வந்து பார்த்தது. "நான் சொன்னேன்ல, வந்துட்டா பாரு" என்று எதிர்வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரி தொட்டிலை விட்டு நகரவில்லை. பெயர் வைக்கும் நாளில் அண்ணியின் பெயரைக் காதில் சொல்லும்படி குழந்தையை என்னிடம் நீட்டினார்கள்.

"அந்தப் பேரு வேணாம்" என்றேன்.

"இன்னாங்க பேசறீங்க? அக்கா பேர வைக்காம வேற யாரு பேர வைக்கறது?" என்றாள் என் வீட்டுக்காரி.

"வேற எதுனா வைங்க. இது அவங்க இல்ல."

பெண் அழுதுவிட்டாள். "ஏம்பா, பெரியம்மா திரும்ப வந்தா உனுக்கு சந்தோஷம் இல்லியா?"

"சந்தோஷம்தான். அதனாலதான் வேணாங்கறேன்."

அவர்களுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரைச் சொன்னேன். என் வீட்டுக்காரி ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லு என்றாள். இருக்கட்டும்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு வருவாள். தெருவில் எல்லாரும் அவளை, "இன்னா பெரியம்மா, எப்ப வந்த?" என்றுதான் கேட்கிறார்கள். அவளும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் மட்டும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். எனக்குக் கண் மங்கிவிட்டது. பாவு பிணைக்க ஆள் கிடைப்பதில்லை, நானே உட்காருகிறேன். சாயங்காலம் இழை கைக்கு அகப்படாமல் போகும்போது, 'அண்ணி' என்று வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன். கூப்பிட்டால் வந்துவிடுவார். கூப்பிட்ட குரலுக்கு வராமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.