பசைக்குச் சாட்சி சொன்ன பாக்கியம்

தீவுத் தலைநகரின் டிராங்கெபார் பேட்டையிலிருந்து செருப்புத் தொழிற்சாலைக்குப் பாக்கியம் பதினாறு வருஷமாக நடந்தே போய்வந்தாள். அடித்தோலில் பசை தடவுவது அவள் வேலை. 1968 பிப்ரவரியில் அந்த நடையே பயமாகிவிட்டது. ஜனவரியில் நடந்த இனக் கலவரம் அடங்கியும் தெருமுனைகளில் சிப்பாய்கள் நின்றார்கள். அவள் வீட்டு வரிசையில் இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன.

அந்த வாரம் மேற்பார்வையாளர் ஆல்பெர் அவள் மேசையருகே வந்தார்.

"ரேமோன் பசைக்குக் காப்புரிமை கேட்டிருக்கான், தெரியுமா?"

தெரியும். ரேமோன் முன்பு அடுத்த மேசையில் வேலை பார்த்தவன். ஈரக்காற்றில் செருப்புகள் வாய் பிளந்து திரும்பி வந்த காலத்தில், செயற்கை ரப்பர் பசையில் பிசினைச் சேர்த்து ஒட்டவைத்தவன். வேலையை விட்டபின் அது தன் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பித்திருந்தான். முதலாளி அதை எதிர்த்தார். தொழில் தெரிந்த யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியது என்று நிரூபித்தால் காப்புரிமை கிடைக்காது.

"வெள்ளிக்கிழமை விசாரணை. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான்னு சொல்லிடு. உன் மக ருக்மணியும் இங்கதானே வேலை பாக்குறா?"

மிக மென்மையாகத்தான் கேட்டார்.

விசாரணையில் முதலாளியின் வக்கீல் இரண்டு டப்பாக்களை அவள் முன் வைத்தார். "ரப்பர், பிசின். ரெண்டும் உங்க கையில இருந்துச்சு. கலக்குறதுல என்ன அதிசயம்?"

"இப்பப் பாத்தா ஒண்ணுமில்லதான், மிஸ்யே" என்று தீவின் கிரியோல் மொழியில் சொன்னாள்.

விசாரணை அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அன்னைக்கு?"

"அன்னைக்கு நாங்க அவனப் பாத்துச் சிரிச்சோம். பிசின் சேர்த்தா காய்ஞ்சதும் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். அதைத் தொடாதேன்னுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. பிசினை முதல்ல மக்னீசியாப் பொடியோட கரைப்பான்ல ஒரு நாள் பூரா ஊறவைக்கணும்னு அவனுக்கு மட்டும்தான் தோணுச்சு."

"உங்களுக்கு ஏன் தோணல?"

"விரிசல் விடும்னு தெரியுமே. தெரிஞ்சதாலதான் யாரும் செஞ்சு பாக்கல."

பின்வரிசையில் இருந்த ஆல்பெர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

திங்கட்கிழமை வாசலில் காவலாளி பெயர்ப்பட்டியலைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினான். பாக்கியத்தின் பெயர் இல்லை. ருக்மணியின் பெயரும் இல்லை.

ரேமோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. "பசை செய்ய ஒரு கொட்டகை பிடிச்சிருக்கேன், ரெண்டு பேரும் வாங்க" என்று வீடு தேடி வந்து கூப்பிட்டான். வேலை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், பட்டப்பகலில் அந்தக் கொட்டகை எரிந்தது. பசைக்கு வைத்திருந்த கரைப்பான் டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ரேமோன் இரண்டு கைகளும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

யாராவது மிரட்டினார்களா என்று போலீஸ் பாக்கியத்திடம் வந்து கேட்டது. ருக்மணி அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வேணாம்மா."

பாக்கியம் ஆல்பெரின் பெயரைச் சொன்னாள். அவர் பேசியதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

ஆல்பெர் மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் வீட்டெதிரே ஒரு கறுப்புக் கார் வந்து நிற்கத் தொடங்கியது, யாரும் இறங்குவதில்லை. தீவில் சுதந்திரக் கொடி ஏறிய மறுவாரம் தாயும் மகளும் தெற்கே ரோஸ் பெல் என்ற ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே கரும்புத் தோட்டத்தில் களையெடுக்கும் வேலை கிடைத்தது.