மிக்கேல்ராஜின் கல் கிட்டங்கி

பூட்டைத் திறந்ததும் உள்ளே போய்விட மாட்டார். நிலைப்படியில் நின்று கண்ணை மூடி மூன்று தரம் மூச்சை இழுப்பார். "சுத்தமா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். மழையோ வெயிலோ, மிக்கேல்ராஜுக்குக் காலையில் இது முடிந்துதான் காபி.

அகரம் ஊருக்கு மேற்கே தோட்டத்து நடுவில் நிற்கும் அந்தக் கல் கிட்டங்கி, புகையிலை அடுக்குவதற்காக அவருடைய தாத்தா கட்டியது. இரண்டு முழக் கனத்தில் கருங்கல் சுவர். கூரையும் கல் பலகைதான். உயரத்தில் கையகலத்துக்கு நாலு காற்றுத்துளைகள். சித்திரை வெயிலிலும் உள்ளே முதுகு சில்லிடும். எலிக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

நாற்பது வருஷம் மனிதர் அந்தச் சுவர்களுக்குள்ளே இலையோடு கிடந்தார். அடுக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்" என்பார். மூன்றாம் நாள் ஆனால் இலை வீண்தான், அவ்வளவு துல்லியம். வடமதுரை வியாபாரிகள் இலையைப் பார்க்க வந்துவிட்டு அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தெருவில் நடந்தபடியே எந்த வீட்டு அடுப்பில் என்ன வெஞ்சனம் என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

புகையிலை போட ஆள் இல்லாமல் கிட்டங்கி எட்டு வருஷம் காலியாகக் கிடந்தது; காலையில் திறந்து பார்ப்பதோடு சரி. போன வருஷம் மூன்று முறை சுண்ணாம்பு அடித்தார். இனி இதில் ஊர்த் தானியத்தை வைக்கலாம் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தார். முதலில் வந்து சேர்ந்தது அந்தோணியார் திருவிழா அரிசி. ஊருக்கே சோறு போடும் அசனத்துக்காக வீடு வீடாக வாங்கிய இருபது மூட்டை.

இறக்கிய அன்றே கமிட்டிக்காரன் கிளெமென்ட் தயங்கினான். "மாமா, லேசா வாடை அடிக்கிற மாதிரி இருக்கே."

"அது சுண்ணாம்புடா. எம்மூக்கு சொல்லுது, பேசாம இறக்கு."

அந்த மூக்கே சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவது? இறக்கினார்கள். அடுத்த பதினெட்டு நாளும் அடைமழை. கல் வியர்த்துவிட்டது.

அசனத்தன்று காலையில் முதல் மூட்டையைப் பிரித்த சமையல்காரர், பேகம்பூர் அப்துல் லத்தீப், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணே, இதப் பொங்கிப் போட்டா சனம் தலைசுத்தி விழுந்துரும். செவுத்துல ஊறுன புகையில நாத்தம் அம்புட்டும் ஏறிக் கெடக்கு."

மிக்கேல்ராஜ் சிரித்தார். லத்தீப்புக்குக் குசும்பு ஜாஸ்தி. ஒரு பிடி அரிசியை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றுவிட்டது. புகையிலை மணத்தை விடுங்கள், அரிசி மணமே இல்லை. ஆற்று மணலை அள்ளிய மாதிரி இருந்தது. அடுத்த மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்து முகர்ந்தார். ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை.

"ஏய் செல்வி, உனக்கு அடிக்குதா?"

மனைவி சகாயசெல்வி தரையைப் பார்த்தபடி நின்றாள். "வாசல்லயே அடிக்குதுங்க. உங்களுக்கு மணம் தெரியாமப் போயி ரெண்டு வருசமாச்சு. ஊசிப்போன கறிக்கொழம்ப நல்லாருக்குன்னு வழிச்சுச் சாப்டீங்கள்ல, அன்னைக்கே எனக்குத் தெரியும். அத நான் எந்த வாயால உங்ககிட்ட சொல்ல?"

ரெண்டு வருஷம்! தினமும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் இழுத்ததெல்லாம் வெறும் காற்றா? கையில் அரிசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

ஊர் மறுபடி வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து கொட்டியது. நண்பகலில் போட வேண்டிய அசனத்தை மூன்று மணிக்குப் போட்டார்கள். "விடுங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு" என்று கிளெமென்ட் இலை போட்டு உட்கார வைத்தான். அவர் சோற்றைப் பிசைந்தார், முகர்ந்தார், மறுபடி பிசைந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் காலையிலும் கிட்டங்கிக்குப் போனார். இந்தத் தடவை சகாயசெல்வியையும் கூட்டிக்கொண்டு போனார். பூட்டைத் திறந்தார். நிலைப்படியை அவளுக்கு விட்டு ஒதுங்கினார். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். மிக்கேல்ராஜ் உள்ளே பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.