ஆலிபாக்ஸ் தேசப்பன்

வந்த கப்பலைக் கரையில் கட்டி முடிப்பதற்குள் தேசப்பன் அதன் பின்புறத்துக்குப் போய் அங்கே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துவிடுகிறார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு பெயரின் வடிவம் தெரியும். அது இல்லாவிட்டாலும், கனடாக் கோதுமைக் கப்பல் என்றால் மேலே ஏறி, எதிர்ப்படும் முதல் மாலுமியிடம் கேட்பார்: “ஆலிபாக்ஸ்? ஹாக்கி? வின்?” பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

மூட்டை தூக்கும் வேம்பு விடமாட்டார். “இன்னா மாமு, உன் டீமு கெலிச்சுதா?”

“கெலிச்சிருக்கும். இவனுக்குத் தெரில, அவ்ளோதான்.”

தேசப்பன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறார். வயது நாற்பத்து நான்கு. திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். யுத்தத்தின்போது கப்பலில் கரி தள்ளப் போனார். 1942 டிசம்பரில் அந்தக் கப்பல் சுக்கான் உடைந்து கனடாவின் கிழக்குக் கரையில், அவர் ஆலிபாக்ஸ் என்று சொல்லும் ஹாலிபாக்ஸ் ஊரில் ஒதுங்கியது. ஏப்ரல் வரை பழுது பார்த்தார்கள். அதுவரை சும்மா கிடந்த தேசப்பனை அவ்வூர் ஹாக்கிக் கொட்டகையில் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள்.

அங்கே ஹாக்கி ஆடுவது உறைந்த நீர்மேல். பாதணியில் இரும்புத் தகடு. பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை. ஆட்டத்தில் தளம் முழுதும் கீறிப்போகும். இடைவேளையில் அதைச் சுரண்டி வெந்நீர் ஊற்றினால், உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். வெந்நீர்ப் பீப்பாயை இழுத்தவர் தேசப்பன்.

குழுவின் சரித்திரத்தைக் கொட்டகைக் காவலாளியிடம் சைகையும் பேச்சுமாகக் கேட்டு வைத்திருக்கிறார். “மொதல்ல மீனு கம்பெனி பசங்கதான் ஆடனாங்க. அப்பால சம்பளம் குட்த்து ஆள் வச்சாங்க. ஒரு தபா கொட்டா பத்திகினு எரிஞ்சி பூட்ச்சி. வுட்டானுங்களா? ஏரி ஒறைஞ்சிகினு இருந்திச்சி, அதும்மேலயே அந்த வருசத்த ஓட்டிட்டானுங்க.” தேசப்பன் பிறப்பதற்கு முந்தைய விபத்து அது. பக்கத்தில் நின்று பார்த்தவர்போல்தான் சொல்வார்.

அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரைவலை இழுக்கும்போது, வெளியூர் போனவன் நின்ற இடத்தில் வேறெவரும் கயிறு பிடிப்பதில்லை. திரும்பி வருகிறவனுக்காக ஒரு முழம் காலியாகவே கிடக்கும். அந்தக் கொட்டகையிலும் பீப்பாய்ப் பக்கம் தமக்கான இடம் அப்படியே இருக்கிறது என்பது தேசப்பனின் நம்பிக்கை. குழு இருக்கிறவரை இடமும் இருக்கும். அதனால்தான் கேட்கிறார்.

“ஒரு பொம்பளைக்காக ஏங்கனாக்கூட அர்த்தம் கீது. தண்ணி ஊத்தன எடத்துக்கு இப்டியா?” என்பது அவர் மனைவி நீலாவின் கேள்வி.

சென்ற மார்ச் மாதம், 1957, வந்த கோதுமைக் கப்பலின் சமையற்காரர் ஆலிபாக்ஸ்காரராகவே அமைந்துவிட்டார். சரக்குக் கணக்கு எழுத நான் மேல்தளத்தில் இருந்ததால், இருவருக்கும் இடையே மொழிபெயர்த்தேன். குழுவை இரண்டு வருஷத்துக்கு முன்பே முதலாளி வேறோர் ஊருக்கு விற்றுவிட்டார் என்றார் சமையற்காரர். பெயர், சட்டை, ஆட்டக்காரர்கள் எல்லாம் போயாயிற்று. கொட்டகையில் உருளைக்கிழங்கு அடுக்கியிருக்கிறார்களாம்.

தேசப்பன் என்னைத்தான் பார்த்தார், நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதுபோல. “வலைய விப்பான், கட்டுமரத்த விப்பான். டீம எப்டி நைனா விப்பான்?”

அதை அப்படியே கேட்டேன். சமையற்காரர் தோளைக் குலுக்கினார்.

“அந்த ஊர்ல ஆட்றாங்களாமா?”

நன்றாகவே ஆடுகிறார்கள் என்று பதில் வந்தது. தேசப்பன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“அப்ப சரி. அங்கேர்ந்து கப்பலு வருமா, கேளு.”

சமையற்காரர் சரக்கறை மூடியின்மேல் படிந்திருந்த கோதுமைத் தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அது கடற்கரை. அதன்மேல் ஒரு புள்ளி, பழைய ஊர். பிறகு மூடியின் மறுகோடிக்கு நடந்துபோய் இன்னொரு புள்ளி வைத்தார். நடுவில் வெறும் நிலம், ரயிலில் நாள்கணக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

“மாமு, இன்னான்றான்? கெலிச்சுதா?” என்று கீழேயிருந்து வேம்பு கூவினார்.

தேசப்பன் மூடியருகே குந்தினார். கடற்கரைக் கோட்டில் ஆள்காட்டி விரலை வைத்து, எங்கும் எடுக்காமல், தூசியை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டே அந்தக் கோடிப் புள்ளிவரை ஒரு கால்வாய் வெட்டினார்.