கிராணி வேலிக்குள் போன எங்கள் பலா

பலா பழுத்தால் யாராலும் ஒளித்துவைக்க முடியாது; முள்ளுக்கம்பியைத் தாண்டி, தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி வீடு வரைக்கும் மணம் வந்துவிடும், அது வரும்போதெல்லாம் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுவதற்கு முன்னால் வயிறு எரியும். அது எங்கள் மரம். நான் பிறந்த வருஷம் அப்பா எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டை ஊன்றி வளர்த்தது. அப்புறம் ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான், அவர் திரும்பவில்லை. புதைத்த இடமும் தெரியாத அம்மாவுக்கு, அவர் பேரைச் சொல்ல அந்த மரம் ஒன்றுதான் மிச்சம்.

லூபோக் சீனாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரன் போட்ட அவசர காலம் வந்ததும், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதென்று லயங்களைச் சுற்றி வேலி போட்டார்கள். மிஞ்சிய கம்பியில், தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்த்த பெரிய கிராணி தன் பங்களாவுக்கும் ஒரு வேலி இழுத்து, எங்கள் பலாவையும் உள்ளே வளைத்துக்கொண்டார். அம்மா போய்க் கேட்டாள். "தோட்டமே தொரையோடது, இதுல என் மரம் ஒன் மரம் என்னா? ரொம்பப் பேசுனா பேரு வெட்டிருவேன், போ லா" என்றார். 'பேர் வெட்டு' என்றால் வேலையும் போகும், குடியிருக்கும் வீடும் போகும். அம்மா "சரிங்கய்யா" என்று திரும்பி வந்து அடுப்பை ஊதினாள்.

இந்த மனுஷனின் சம்சாரம்தான் ஞாயிறுதோறும் எங்களுக்கு வேதபாடம் நடத்தினாள்! பக்கத்து நிலத்துக்காரனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்ட ராஜா, பொய்சாட்சி வைத்து அவனைக் கொல்லச் செய்த ராணி, கடைசியில் ராஜாவின் இரத்தத்தை நக்கிய நாய்கள் என்று கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, "அடுத்தவங்க பொருளுக்கு ஆசப்படலாமா, பிள்ளைங்களா?" என்று கூச்சமில்லாமல் கேட்டாள். எனக்கு அந்த நாய்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் பங்களா வாசலைப் பார்த்தபடி காத்திருந்தேன். எங்கள் லயத்து நாய்களோ கிராணி போட்ட எலும்பைத் தின்றுவிட்டு அவருக்கு வாலாட்டின, சனியன்கள்.

நாய்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஆனபின், ஒரு ஞாயிறு ஜெபத்தின் நடுவில் வயிற்றுவலி என்று எழுந்து வந்து, அம்மாவின் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கம்பிக்கு அடியில் நுழைந்தேன். "பாதி மரந்தான் வெட்டணும், சுத்திவர வெட்டுனா பட்டுப்போயிரும்" என்று புதிதாக ரப்பர் வெட்ட வருகிறவர்களுக்கு அம்மா சொல்லுவாள். நான் பலாவைச் சுற்றிவர வெட்டினேன்; ஒரு கை அகலத்துக்குப் பட்டையை உரித்தெடுத்தேன். 'இனிமே தின்னுடா பாப்போம்' என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொல்லிக்கொண்டேன். விரலிலும் கவுனிலும் அப்பிய பலாப்பாலை அம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தெடுத்தாள். பழம் திருடியதாக நினைத்திருப்பாள்.

இலை பழுத்து உதிர உதிர, கிராணி காலையில் பேர் கூப்பிடும் 'பெரட்டு'க்கு நின்ற சனங்களிடம் எவன் செய்தான், எவன் செய்தான் என்று குதித்தார். எனக்கோ அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் எந்த வருஷமும் வந்ததில்லை.

நாலைந்து மாதத்தில் அவருக்கு ஜொகூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனது. புதிதாக வந்த கிராணி நல்ல மனிதர். வேலியைப் பிரித்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரர் வச்ச மரமாமே, நீங்களே வச்சுக்குங்கக்கா" என்றார். அம்மா அந்த மொட்டை மரத்தடியில் போய் நின்று வெட்டு வாயில் விரலை ஓட்டிப் பார்த்தாள். எந்தக் கத்தி வெட்டியது என்று அவளுக்கா தெரியாது!

"அவன் பழத்தத்தான்டி எடுத்தான். நீ மரத்தையே எடுத்துட்டியே."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப்பின் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது அங்கே லயமும் கிடையாது, ரப்பரும் கிடையாது, கண்ணுக்கு எட்டியவரை எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். கிராணி செத்து எத்தனையோ வருஷமாகிறது. அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் நாளைத் தள்ளித் தள்ளி, கேட்காமலேயே அவளை அடக்கம் செய்துவிட்டேன்.