ஹால் தரையில் ஓர் ஆர்.வி.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், தெப்ராவில் நான் வேலை செய்யும் மரச்சாமான் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிய இயந்திரம் வரப்போகிறது என்றால், அது வருவதற்கு முன்பே அதன் நீள அகலத்தைத் தரையில் மஞ்சள் டேப்பால் ஒட்டிவிடுவோம். சில நாட்கள் அந்தக் கட்டத்தைச் சுற்றியே நடப்போம், தள்ளுவண்டியைத் தள்ளிப் பார்ப்போம். எங்கே இடிக்கும், எங்கே ஆள் திரும்ப முடியாது என்பதெல்லாம் காகிதத்தில் தெரியாது, தரையில் தெரிந்துவிடும். அந்த டேப்பை ஒட்டுவது பல வருடங்களாக என் வேலை. அதனால் அமெரிக்கா போய் ஆர்.வி. எடுப்பது என்று வீட்டில் முடிவானதும், விமான டிக்கெட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் நான் கடைக்குப் போய் ஒரு சுருள் டேப் வாங்கி வந்தேன்.

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் நீண்ட வண்டி. என் மனைவியின் தம்பி அமெரிக்காவின் மேற்குப் பக்கம், மலைகள் நிறைந்த ஐடஹோ மாநிலத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறார். அவர் தீபாவளிக்கு வந்து போவார். நாங்கள் அங்கே போனதில்லை. இந்த முறை போவது என்று நின்றது என் மனைவிதான். அவர் ஊரில் வண்டியை வாடகைக்கு எடுத்து, மலைச்சாலையில் தங்கித் தங்கிப் போவது என்பது எங்கள் மகளின் யோசனை. செடெனாக்கில் ஒரு டேட்டா சென்டரில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள் அவள். ஜன்னல் இல்லாத கட்டடத்துக்குள் இருக்கிறவளுக்கு மலை பார்க்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. ராஃப்டிங் என்றது மட்டும் என் மனைவி.

மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ராஃப்டிங் என்றால் ரப்பர் படகில் உட்கார்ந்து, பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் ஆற்றில் துடுப்புப் போட்டு இறங்குவது. என் மனைவியோ படகு என்று எழுதிய பலகையைப் பார்த்தாலே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவள். கல்யாணமான புதிதில் தியோமான் தீவுக்குப் போகலாம் என்று கிளம்பி, மெர்சிங் படகுத்துறை வரை போய், அங்கே மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த தம்பதி நாங்கள்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோத்தா திங்கி பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றில் அவள் சிறுமியாக இருந்தபோது, ஒரு டிசம்பரில் ஆறு ஏறி வந்து தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குள் புகுந்தது. மீட்க வந்த படகில் அவளையும் தம்பியையும் ஏற்றினார்கள். படகின் அடியில் உட்கார், விளிம்பைப் பிடித்துக்கொள், கையை எடுக்காதே என்று சொன்னார்களாம். ஒரு கையால் விளிம்பையும் மறு கையால் தம்பியையும் பிடித்தபடி, கண்களை இறுக மூடிக்கொண்டு அவள் பள்ளிக்கூட மேடு வரை போனாள். மேட்டில் இறக்கிய பிறகும் விளிம்பிலிருந்து அவள் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. தம்பி இதை ஒவ்வொரு தீபாவளிக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். கையைத் திருப்பிக் காட்டி, அக்கா கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது என்பார். தழும்பு எதுவும் இருக்காது. எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் டிசம்பர் மழை தகரத்தில் விழத் தொடங்கினால் அவள் எழுந்து போய் வாசல் கால்வாயைப் பார்த்துவிட்டு வருவாள். நாங்கள் இருப்பது மேட்டுப் பகுதி என்று எத்தனை முறை சொன்னாலும் சரி.

"தம்பி கண்ணு முன்னாடியே படகுல ஏறணும்ங்க," என்றாள். "இப்ப சொல்லாதீங்க. சொன்னா அங்கேருந்தே சிரிப்பான். டிசம்பர்லதான் எனக்கு அது நடந்துச்சு. டிசம்பர்லயே முடிச்சிடணும்."

டிசம்பர் என்றதும் எனக்கும் மகிழ்ச்சிதான். மகள் மட்டும், அங்கே அப்போது குளிராக இருக்குமே, ஜூன் போகலாமா என்று கேட்டாள். நான் பொறுமையாக விளக்கினேன். குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொள்ளலாம். ஆற்றுக்கு வேண்டியது தண்ணீர். ஜூன் என்பது வெயில் காலம். ஆறு வற்றிப் பாறை தெரியும். படகு தரை தட்டும். ஆண்டு முடிவில்தான் ஆறுகள் நிறைந்து ஓடும். ஜொகூரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மகளும் ஜொகூரில் வளர்ந்தவள். சரி அப்பா என்று விட்டுவிட்டாள். என் திட்டங்களை இந்த வீட்டில் யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை.

மைத்துனரிடம் டிசம்பரில் வருகிறோம் என்று மட்டும் சொன்னோம். பனி பார்க்கவா என்று கேட்டு அவர் மகிழ்ந்துபோனார். ஆமாம் என்றோம்.

பிறகு சோபாவை சுவரோடு ஒதுக்கிவிட்டு, ஹால் தரையில் ஆர்.வி.யை ஒட்டினேன். ஓட்டுநர் இருக்கை டிவிக்குக் கீழே வந்தது. அடுப்பு சாமி அறை வாசலில். பின்பக்கப் படுக்கை சாப்பாட்டு மேசைக்கு அடியில் நீண்டுபோனதால் மேசையைச் சமையலறைக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு சனி ஞாயிறு முழுக்க மூவரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்து பார்ப்பது என்று சொன்னேன். மகள் கழிவறைக்கு எழுந்தபோது கட்டத்துக்குள் கழிவறை எங்கே என்று காட்டினேன். அப்பா, இதுக்கு மேல போகாதீங்க லா, என்று சொல்லிவிட்டு நிஜக் கழிவறைக்குப் போனாள். மற்றபடி ஒத்திகை நன்றாகவே நடந்தது. ஒருவர் சமைத்தால் மற்றவர் எழுந்து நடக்க முடியாது என்பதும், நான் குறட்டை விடுகிறேன் என்ற நீண்ட நாள் புகார் உண்மைதான் என்பதும் தெரியவந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி பலகாரம் கொடுக்க வந்து, மூவரும் கோட்டுக்குள் அடைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

படகு ஒத்திகையைத் தொடங்கியவள் என் மனைவி. ராஃப்டிங் காணொளிகளைப் பார்த்துவிட்டு, படகுக்கு உள்ளே உட்கார முடியாதா என்று ஒருநாள் கேட்டாள். முடியாது, ஊதிய விளிம்பின் மேலேதான் உட்கார வேண்டும். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அறைக்குள் போய்ப் பழைய பஞ்சு மெத்தையை இழுத்து வந்து, சுருட்டிக் கயிறு கட்டி, அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். துடுப்புக்கு ஒட்டடைக் கம்பு.

அதன் பிறகு பல் மருத்துவமனை கவுண்டர் வேலை முடிந்து வந்ததும் தினமும் அந்த மெத்தையில் உட்கார்ந்து கம்பை வலித்தாள். மகள் பின்னால் நின்று கட்டளை கொடுப்பாள். முன்னே, பின்னே, நிறுத்து எல்லாம் சரியாக வந்தது. வராதது ஒன்றுதான். துடுப்பை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். அவளுடைய இடது கை நழுவிப்போய் மெத்தை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது அவளுக்கே தெரியாது.

தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கும் பயிற்சியும் உண்டு. உயிர்காப்புச் சட்டையின் இரண்டு தோள்பட்டைகளையும் இரண்டு கைகளால் பற்றி, பின்னால் சாய்ந்து உள்ளே இழுக்க வேண்டும். விழுந்தவனாக நடிப்பது என் பொறுப்பு. பள்ளிப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு டைல்ஸ் தரையில் கிடப்பேன். அவள் வலது கையால் மட்டும் இழுப்பாள். நான் ஓர் அங்குலம்கூட நகரமாட்டேன்.

"அம்மா, மெத்தை எங்கயும் ஓடிப்போகாது," என்பாள் மகள்.

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே," என்பாள் இவள்.

அந்த நிலைமையில்தான் ராஃப்டிங் நிறுவனத்துக்கு நான் தேதி கேட்டு எழுதியிருந்த மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். டிசம்பரில் எங்கள் படகுகள் கொட்டகையில் இருக்கும், ஆற்றின் ஓரங்கள் உறைந்திருக்கும், மலைச்சாலைகள் பனியில் மூடிக் கிடக்கும் என்று எழுதியிருந்தார்கள். இந்த ஊர் ஆறு மழையால் நிறைவதில்லை. குளிர்காலம் முழுக்க மலைமேல் விழும் பனி வெயிலில் உருகும்போதுதான் நிறைகிறது. நிறைய தண்ணீர் வேண்டுமென்றால் ஜூனில் வாருங்கள் என்று முடித்திருந்தார்கள்.

மகளை அழைத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டுக் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெயில் காலத்தில் நிறையும் ஆறு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று கோத்தா திங்கி ஆற்றை வைத்துக் கணக்குப் போட்ட எனக்கு எப்படித் தெரியும்? நல்லவேளையாக டிக்கெட் எடுத்திருக்கவில்லை. ஜூனுக்கு மாற்றிவிடலாம் என்றேன். மனைவிக்கு இது நிம்மதியாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மெத்தையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஜூன் வரைக்கும் என் தைரியம் தாங்காதுங்க," என்றாள். "இந்த மழைக்காலம் முழுக்க நான் திரும்பவும் கால்வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் ஜூன்ல நீங்க ரெண்டு பேரும் படகுல போவீங்க, நான் கரையில பையைப் பாத்துப்பேன்."

அவள் சொன்னது அப்படியே நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மெர்சிங் படகுத்துறையில் நாங்கள் சாப்பிட்ட மீன் ஞாபகத்துக்கு வந்தது.

வழியைக் கண்டுபிடித்தவள் மகள். பேராக்கில், கோப்பெங் பக்கம், கம்பார் ஆற்றில் ராஃப்டிங் உண்டு. நம் நாட்டின் மேற்குக் கரை. நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரே நாளில் போய்விடலாம். டிசம்பரில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருந்தது. எங்கள் ஊர்க் கணக்கு எங்கள் நாட்டிலாவது செல்லுபடியானதில் எனக்கு ஆறுதல். லீவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. படுக்கையும் அடுப்பும் உள்ள சிறிய கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அது என் மஞ்சள் கோட்டில் பாதிகூட இல்லை. ஒருவர் சமைத்தால் மற்ற இருவரும் இறங்கி வெளியே நிற்க வேண்டும். இந்த விஷயத்தில் எங்களுக்குப் பயிற்சி இருந்தது.

கோப்பெங்கில் காலையில் வழிகாட்டி ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் அளவாக இருக்கிறது, இறங்கலாம் என்றார். என் மனைவியைக் காக்காக் என்று மலாயில் அன்பாக அழைத்தார். மலாயில் அது அக்கா. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. படகில் ஏறினாள். விளிம்பில் உட்கார்ந்தாள். இடது கை வெளிப்பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. துடுப்பு மடியில் கிடந்தது. முதல் பாய்ச்சலில் அவள் துடுப்பின் முனை என் தாடையில் பட்டது. கயிற்றைப் பிடிக்காதீர்கள், துடுப்பைப் பிடியுங்கள் என்றார் வழிகாட்டி. தலையாட்டினாள். கை அசையவில்லை.

அடுத்த பாய்ச்சலில் விழுந்தது நான். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தவன், படகின் மடிப்பில் கால்களைச் சரியாகச் செருகியவன், கட்டளைப்படி துடுப்புப் போட்டவன். படகு ஒரு பாறையில் மோதித் திரும்பியது. அடுத்த கணம் என் காதுக்குள் தண்ணீர். மேலே வந்தபோது படகின் பக்கவாட்டுதான் கண்ணில் தெரிந்தது. அதற்கு மேலே என் மனைவியின் முகம். கண்கள் திறந்திருந்தன. அவள் இரண்டு கைகளாலும் என் தோள்பட்டைகளைப் பற்றிப் பின்னால் சாய்ந்தாள். டைல்ஸ் தரையில் ஓர் அங்குலமும் நகராத நான் ஒரே இழுப்பில் அவள் மேலேயே வந்து விழுந்தேன்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விட்டுட்டேன்ங்க," என்றாள்.

அதன் பிறகு ஆறு முடியும்வரை துடுப்பைப் பிடித்தாள். கட்டளைக்கு முன்பே வலித்து, வழிகாட்டியிடம் பேச்சும் வாங்கினாள்.

கரையிலிருந்து ஒருவர் படம் எடுத்திருந்தார். அதில் என் கால்கள் ஆகாயத்தில் இருந்தன. நல்ல படம் என்று சொல்ல முடியாது. அதைத்தான் அவள் தேர்ந்தெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். கேம்பர்வேன் படியில் உட்கார்ந்து மகி கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸைத் தின்றுகொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் வைத்தாள். சிரிப்பார் என்று மூவரும் காத்திருந்தோம்.

"அக்கா, ரெண்டு கையும் எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன்டா. ஜூன்ல அங்க வந்து உன் முன்னாடியும் எடுக்கறேன்."

"இங்க வீட்டுப் பக்கத்துலயே ஆறு ஓடுது," என்றார் தம்பி. "கூட வேலை செய்யறவங்க வருசா வருசம் கூப்பிடுவாங்க. எதாவது சொல்லித் தட்டிக் கழிச்சிருவேன். நான் ஒரு தடவகூட ஏறலக்கா."

ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்ட அந்தக் கதையில் படகில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சிரிப்பில் அது எங்களுக்கு மறந்துபோயிருந்தது. என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஜூன்ல என் பக்கத்துல உக்காரு," என்றாள். "விழுந்தா தூக்கிக்கறேன். இப்பதான் உங்க மாமாவையே தூக்கினேன், நீ என்ன பெரிய வெயிட்டு."

அப்போதுதான் அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பை உரித்தேன். மூவருக்கான வண்டி இனிப் போதாது. மைத்துனரோடு நால்வர் படுக்க வேண்டும். அடுத்த அளவு வண்டியை ஒட்டிப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கை வாசலைத் தாண்டி கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விடுகிறது. காரை வெளியே எடுத்து நிறுத்துங்கள் என்கிறாள் மனைவி. மெத்தையை அவள் மறுபடியும் சுருட்டிக் கட்டியிருக்கிறாள், இந்த முறை இருவர் உட்காரும் அளவுக்கு.