ஓரகத்தி வீட்டு வாகனத்தார்

என் ஓரகத்தி கொல்லையில் வைக்கோல் போருக்கு அடியில் ஒரு பெருச்சாளி குடியிருந்தது. ஊரில் வேறு யாராக இருந்தாலும் தடியைத் தூக்கியிருப்பார்கள். அவளோ, பிள்ளையாரைச் சுமக்கிறவர் என்று அதற்கு 'வாகனத்தார்' என்று பேர் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் வளைக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு கொழுக்கட்டையும் வைப்பாள். பாதி பக்தி, பாதி விளையாட்டு. "வாகனத்தார் சாப்ட்டாரா?" என்று தெருவே அவளைக் கேட்டுச் சிரிக்கும்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி; இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவள் பசு கிடாரியாகப் போடும், என் பசு காளையாகப் போடும். இரண்டு குடும்பமும் ஒரே மிராசுதாரின் நிலத்தைத்தான் குத்தகைக்கு உழுதோம். உழுகிறவன் பேரைப் பதிவு செய்யச் சொல்லிச் சர்க்கார் சட்டம் போட்டதும் அவர்கள் பேர் முதல் விசாரணையிலேயே பதிவாகிவிட்டது. எங்களை மட்டும், "இவங்க குத்தகைக்காரங்க இல்ல, கூலிக்கு வந்தவங்க" என்று சொல்லி நிலத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள் மிராசு ஆட்கள். எங்களிடம் இருந்தது மிராசுதார் கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு குத்தகைச் சீட்டு.

எல்லாம் அந்தப் பெருச்சாளியின் ராசி என்ற எண்ணம் எனக்குள் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டைக்காரர். அவரிடம் சொன்னால், "பெருச்சாளிக்கு அர்ச்சனைச் சீட்டு எவ்வளவுடி?" என்பார். அதனால் அவருக்குத் தெரியாமல், வேலி ஓரத்தில் வறுத்த கடலையும் வெல்லமும் வைத்தேன். மறுநாள் ஒரு முழம் உள்ளே தள்ளி. அதற்கடுத்த நாள் கிணற்றடியில். பத்தே நாளில் வாகனத்தார் என் வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். குதிருக்கே பொட்டு வைத்தேன்.

சும்மா இருக்க முடியுமா? வேலிக்கு மேலே எட்டி, "அக்கா, வாகனத்தார் இப்ப எங்க வீட்டுல" என்றேன்.

அவள் முகம் மாறியது. "வீட்டுக்குள்ளயா வுட்ட? வேணாம்டி. வாகனம்னா வாசலோட நிக்கணும்."

பொறாமைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். அன்று எனக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

எங்கள் விசாரணை நாளன்று காலை, சீட்டை எடுக்கக் குதிருக்குப் பின்னால் இருந்த ஓலைப்பெட்டியைத் திறந்தேன். அடியில் பெரிய ஓட்டை. உள்ளே துணியும் காகிதமும் பஞ்சாகக் கிடந்தன. அதன்மேல் கண் திறக்காத ஆறு குட்டிகள். அடிப்பாவி, வாகனத்தார் பொம்பளை! என் வீட்டுக்காரர் அந்தத் துணுக்குகளைக் கையில் அள்ளிப் பார்த்தார். அப்படியே கொட்டிவிட்டுக் கறுப்புச் சட்டையை மாட்டினார்.

தாசில்தார் முன்னால் வெறுங்கையோடு நின்றோம். "சீட்டு இருந்தா காட்டச் சொல்லுங்க" என்று சிரித்தார் மிராசுதாரின் காரியக்காரர். துணைக்கு வந்திருந்த ஓரகத்தி அப்போதுதான் முன்னால் வந்தாள்.

"ஐயா, பத்து வருசமா ரெண்டு வயலுக்கும் ஒரே மடைதாங்க. என் வயலுக்கு அடைச்சுட்டு இவளுக்குத் தொறந்து வுட்டது நானு. கூலிக்காரிக்கு யாருங்க தண்ணி மொறை வைப்பாங்க? வேணும்னா நீர்க்கட்டியக் கூப்ட்டுக் கேளுங்க."

காரியக்காரர் அவளை முறைத்தார். அவள் வயலின் குத்தகை நெல்லையும் அவரிடம்தான் போய் அளக்க வேண்டும்; அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அசையவில்லை. தாசில்தார் ஆள் அனுப்பியதும், மடைக்குத் தண்ணீர் விடுகிற நீர்க்கட்டியும் வந்து அதையே சொன்னார். எங்கள் பேர் பதிவானது.

திரும்பும்போது பஸ்ஸில் ஓரகத்தி எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு, கொய்யாப்பழத்தைப் பிட்டு என் கையில் வைத்தாள். "சாப்புடு, காலையிலேருந்து பட்டினி." என் வீட்டுக்காரர் அவளை அவ்வளவு மரியாதையோடு பார்த்தார்; என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பழத்தை மடியில் வைத்துக்கொண்டேன். பசு அவளுக்கு, ராசி அவளுக்கு, போகட்டும். என் நிலமும் அவள் கொடுத்ததாகிவிட்டதே. அதற்குத்தான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, அவள் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.